புளியங்கொட்டையிலிருந்து எண்ணுக்கு: இடையில் நாம் தவறவிடும் படிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"கணக்கை அன்றாட வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்" என்ற அறிவுரையை இன்று எல்லா மேடைகளிலும் கேட்கிறோம். நல்ல அறிவுரைதான், ஆனால் அது பாதி அறிவுரை. புளியங்கொட்டையும் கோலிக்குண்டும் வகுப்புக்குள் வந்துவிட்டால் கணக்கும் கூடவே வந்துவிடாது. கையில் இருக்கும் பொருளிலிருந்து தாளில் இருக்கும் குறியீட்டுக்குப் பிள்ளை எந்த வழியாகப் போகிறது, எங்கே வழி தவறுகிறது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் அந்த மீதியைப் பற்றி எழுதுகிறோம். விவரம் சொல்லாமல் இதை எழுத முடியாது என்பதால் கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் காய், பழம் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 1985-இல் வெளிவந்தது. தெரெசின்ஹா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமான் ஆகியோர் செய்தது. பிள்ளைகளின் வயது 9 முதல் 15 வரை. கடையில் வாடிக்கையாளர்போல நின்று கேட்ட கணக்குகளில் 98.2 விழுக்காட்டுக்குச் சரியான விடை வந்தது. அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 36.8 விழுக்காடுதான் சரி. ஒரு தேங்காய் 35 என்றால் 4 தேங்காய் எவ்வளவு? கடையில் ஒரு பையன், "மூன்று காய் 105, அதோடு 30 சேர்த்தால் 135, ஒரு காய் 35, அப்படியானால் 140" என்று சரியாகச் சொன்னான். அதே பையன் தாளில் 35 × 4 போட்டபோது, நாலைந்து இருபது, கைவசம் 2, இரண்டும் மூன்றும் ஐந்து, ஐநான்கு இருபது என்று போய் 200 எழுதினான். கைவசம் வைத்த 2-ஐப் பெருக்கிய பிறகு கூட்டாமல் முன்பே கூட்டிவிட்டான். தன் கடையில் 4 காய்க்கு 200 கேட்கவே மாட்டான். தாளில் மட்டும் அந்த விடை அவனை உறுத்தவில்லை.

நம் நாட்டிலும் இதே நிலைதான். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வந்தது. சிக்கலான கணக்கைக்கூட மனத்திலேயே போட்டு மீதிச் சில்லறை கொடுக்கும் அந்தப் பிள்ளைகள், அதைவிட எளிய கணக்கைப் பள்ளிக்கூட வடிவில் கொடுத்தபோது திணறினார்கள். அருகிலிருந்த பள்ளிகளில் படிக்கும், சந்தை அனுபவம் இல்லாத 471 பிள்ளைகளிடம் இது தலைகீழாக இருந்தது: எழுதிப் போடும் எளிய கணக்கு வந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டு அறிவும் ஒன்றையொன்று தாமாகத் தேடிப் போவதில்லை. சேர்த்துவைப்பது ஆசிரியரின் வேலை, அதற்கென்று தனி முறை உண்டு.

இடமதிப்பை எடுத்துக்கொள்வோம். மேல்வகுப்புகளில் தெரியும் தடுமாற்றங்களில் பல இங்கே தொடங்கியவை. "நூற்று ஐந்து" எழுதச் சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளை, காதில் விழுந்த நூறை 100 என்றும் ஐந்தை 5 என்றும் வரிசையாக எழுதியிருக்கிறது. 52-இலிருந்து 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று முதல் வகுப்பில் கேட்டதை ஒவ்வொரு பத்தியிலும் பின்பற்றியிருக்கிறது: 7-இல் 2 போக 5, 5-இல் 2 போக 3. அதன் கண்ணுக்கு 52 என்பது ஓர் ஐந்தும் ஓர் இரண்டும்; ஐம்பதும் இரண்டும் அல்ல. இந்த நிலையில் அதே வகைக் கணக்கை இன்னும் இருபது கொடுத்தால் தவறான வழியில்தான் பயிற்சி கூடும்.

இதற்குத் தென்னை ஈர்க்குச்சியைவிட நல்ல துணைக்கருவி இல்லை. நான்கு பேர் குழுவுக்கு 120 குச்சிகள், சில ரப்பர் பேண்டுகள் போதும். குச்சிகளை 10 செ.மீ. நீளத்தில் ஒரே அளவாக நறுக்க வேண்டும். நீளம் ஏறுமாறாக இருந்தால் சிறு பிள்ளைகள் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கட்டின் பருமனைப் பார்த்து "இது அதிகம்" என்பார்கள். முனையை மழுக்கிவிடுவது பாதுகாப்பு. முதலில் 43 குச்சிகளைக் கலைத்துப் போட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணும்போது நடுவில் பேச்சுக் கொடுங்கள். எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டிவரும். பத்துப் பத்தாகக் கட்டிவைத்தால் அப்படி விட்டுப்போகாது என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கட்டும், நாம் முந்திக்கொள்ளக் கூடாது. கட்டுவதும் அவிழ்ப்பதும் பிள்ளையின் கையாலேயே நடக்க வேண்டும். ஆசிரியர் முன்கூட்டியே கட்டிவைத்த கட்டுகளும், பத்து சேர்ந்து ஒட்டிய பிளாஸ்டிக் பட்டைகளும் தொடக்கத்தில் வேண்டாம். உள்ளே பத்து இருக்கிறது என்பதைப் பிள்ளை அங்கே நம்பத்தான் முடியும், செய்து பார்க்க முடியாது.

இப்போது 52 − 27. ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு உதிரி எடுக்க வேண்டும், இருப்பது இரண்டு. ஒரு கட்டை அவிழ்த்தால் நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆகும். அவிழ்த்த அந்தக் கணத்திலேயே நோட்டில் 5-ஐ அடித்து 4 என்றும், 2-ஐ அடித்து 12 என்றும் எழுத வேண்டும். பிறகு ஏழு உதிரியை எடுத்து, 5 எழுத வேண்டும். இரண்டு கட்டை எடுத்து, 2 எழுத வேண்டும். விடை 25. ஒவ்வொரு கைச்செயலுக்கும் ஓர் எழுத்துச்செயல், இரண்டும் ஒரே நேரத்தில். பெரும்பாலான வகுப்புகளில் முறை பிசகுவது இங்கேதான். திங்கட்கிழமை குச்சி, செவ்வாய்க்கிழமை எழுத்து என்று பிரித்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு அவை இரண்டு தனிப் பாடங்களாகிவிடுகின்றன. குச்சியில் 25 வரும், நோட்டில் 35 வரும், இரண்டும் முரண்படுவதாகவே அதற்குத் தோன்றாது.

கையும் எழுத்தும் ஒன்றாகப் போகத் தொடங்கிய பின், குச்சிகளை ஒரு துணியால் மூடிவையுங்கள். "உள்ளே ஆறு கட்டு, மூன்று உதிரி. எட்டை எடுக்கப்போகிறேன். என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். பிள்ளை மனத்துக்குள் கட்டை அவிழ்த்து, 55 என்று சொல்லிவிட்டு, துணியை விலக்கிச் சரிபார்க்கட்டும். இந்த மூடிவைக்கும் படியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். பொருள் எப்போதும் கண்முன் இருந்தால் பிள்ளை எண்ணிக்கொண்டே இருக்கும். திடீரென்று எடுத்துவிட்டால் விரலைத் தேடும்.

பணம் குச்சிக்குப் பிறகு வர வேண்டியது. பத்து ரூபாய் நோட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே பத்து ஒரு ரூபாய் தெரியாது. அது ஏற்கெனவே ஒரு குறியீடு. கட்டுகளோடு பழகிய பிள்ளைக்கு நோட்டு எளிதாகப் பிடிபடும். பழகாத பிள்ளை ஒரு பத்து ரூபாய் நோட்டைவிட மூன்று ஒரு ரூபாய் நாணயங்களே அதிகம் என்று எடுத்துக்கொள்ளும். ஒன்று, பத்து, நூறு என்று ஆளுக்கோர் ஆணி வைத்து மணி கோக்கும் ஆணிமணிச்சட்டம் அதற்கும் பிறகு. ஒன்றுக்கும் நூறுக்கும் அங்கே ஒரே அளவு மணிதான், மதிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் இருக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதல் நாளே மணிச்சட்டத்தைக் கொடுத்துவிட்டு, "பொருள் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தோம், வரவில்லை" என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை.

இடையில் பூஜ்யம் வரும் வகுத்தலுக்கு நோட்டுதான் சரியான துணை. 612-ஐ 6-ஆல் வகுத்து 12 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. ஆறு நூறு ரூபாய்த் தாள், ஒரு பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய் நாணயம் (விளையாட்டுத் தாள்களே போதும்) கொடுத்து ஆறு பேருக்குப் பங்கிடச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நூறு. பத்தைப் பங்கிட முடியாது, ஆகவே பத்துகளின் இடத்தில் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை: அங்கே 0 எழுதுகிறோம். பத்தைச் சில்லறையாக மாற்றினால் பன்னிரண்டு, ஆளுக்கு இரண்டு. 102. "ஆளுக்கு நூறுக்கு மேல் வாங்கிவிட்டு 12 என்று எழுதலாமா?" என்ற ஒரு கேள்வி போதும்.

கழித்தலுக்குக் கடைக்காரரிடம் இன்னொரு வழி இருக்கிறது. 63 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 100 கொடுத்தால் அவர் கழிப்பதில்லை. 63-லிருந்து மேலே ஏறுகிறார்: 2 ரூபாய் வைத்து 65, 5 வைத்து 70, மூன்று பத்து வைத்து 100. மேசைமேல் கிடப்பது 37. பள்ளியில் 100 − 63 போடும்போது இரண்டு பூஜ்யங்களையும் தாண்டிப் பிரிக்க வேண்டியிருப்பதால் பிள்ளைகள் அதிகம் தவறுவது இந்த வகையில்தான். தாளில் ஒரு நீளக் கோடு போட்டு, இடது முனையில் 63, வலது முனையில் 100 எழுதி, நடுவில் 65, 70 என்று தாவச் சொன்னால் கடைவழி நோட்டுக்குள் வந்துவிடும். 1000 − 487-உம் அப்படியே: 3 வைத்தால் 490, 10 வைத்தால் 500, 500 வைத்தால் 1000, ஆக 513. இதைக் குறுக்குவழி என்று ஒதுக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம்: இரண்டு எண்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதுதானே கழித்தலின் இன்னொரு பொருள்? கைப்பேசியில் பணம் கட்டும் பழக்கம் வந்தபின் மீதிச் சில்லறை எண்ணி வாங்கும் அனுபவம் பிள்ளைகளுக்குக் குறைந்துவருகிறது. அதை வகுப்பறை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

பின்னத்துக்கு வருவோம். 1/4-ஐவிட 1/8 பெரிது, ஏனென்றால் 8 பெரிது. 1/2-உம் 1/3-உம் கூட்டினால் 2/5. இந்த இரண்டு தவறுகளும் ஆறாம் வகுப்பு வரை தொடர்கின்றன. மேலும் கீழும் இரண்டு தனி எண்கள் நிற்பதாகவே பிள்ளை பார்க்கிறது. பாடத்தில் வட்டமும் அடையும் ரொட்டியும்தான் வருகின்றன. வட்டத்தைப் பாதியாக்கலாம், காலாக்கலாம். கையால் மூன்று சமபாகமாக்கிப் பாருங்கள், பெரியவர்களுக்கே வராது. மேலும் வட்டம் ஒன்றுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் 5/4 என்றால் "அப்படி இருக்க முடியாது" என்று பிள்ளை சொல்லும். அதே பிள்ளை வீட்டில் ஒன்றேகால் கிலோ தக்காளி வாங்கி வந்திருக்கும்.

வட்டத்துக்குப் பதில் தாள்பட்டை. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ., அகலம் 21 செ.மீ. நீளத்தில் 24 செ.மீ.க்கு வெட்டிவிட்டு, அகலத்தை 3 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் சரியாக ஏழு பட்டை கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள் போதும். 24 என்ற நீளத்தைத் தேர்வதற்குக் காரணம், அது 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். ஒரு பட்டை முழுசாக இருக்கட்டும். மற்ற ஆறையும் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு சமபாகங்களாகப் பிள்ளைகளே மடிக்க வேண்டும். மூன்றாக மடிக்க, பட்டையை முன்னும் பின்னுமாகத் தளர்வாக வளைத்து, மூன்று அடுக்கின் ஓரங்களும் ஒன்றாகும் வரை நகர்த்தி, அதன் பிறகே நகத்தால் அழுத்த வேண்டும். முதலிலேயே அழுத்திவிட்டால் இரண்டு பாகம் சமமாகவும் ஒன்று குட்டையாகவும் போகும். ஆறுக்கு, மூன்றாக மடித்ததைப் பாதியாக்க வேண்டும். பன்னிரண்டுக்கு மறுபடி பாதி. எட்டில் கவனம் வேண்டும். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று ஒரே மூச்சில் மடித்தால் தாளின் கனத்தால் அடுக்குகள் வழுக்கி, பாகங்கள் ஒன்றிரண்டு மி.மீ. வேறுபடும். நான்காக மடித்ததை விரித்து, ஒவ்வொரு காலையும் தனித்தனியே பாதியாக்கினால் சரியாக வரும். முடித்த பின் அளந்தால் எட்டில் ஒன்று 3 செ.மீ., ஆறில் ஒன்று 4, கால் 6, மூன்றில் ஒன்று 8, அரை 12.

முதல் ஒரு வாரம் 1/4 என்று எழுத வேண்டாம். "நான்கில் ஒன்று", "கால்" என்று வாயால் மட்டும் சொல்லட்டும். மடிப்பு கூடக்கூடப் பாகம் சிறுத்துப்போவதை விரல்கள் தெரிந்துகொண்டபின் எழுத்து வரலாம். அப்போது 1/8-க்கும் 1/4-க்கும் எது பெரிது என்று கேட்டால் பிள்ளை பட்டையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும்; சில நாள் போனால் தொடாமலே சொல்லும். கூட்டலுக்கு, அரைத் துண்டையும் மூன்றில் ஒன்றையும் முனையோடு முனை வைத்து, எந்தப் பட்டையின் பாகங்கள் இந்த நீளத்தை மிச்சமின்றி நிரப்பும் என்று தேடச் சொல்லுங்கள். கால் பாகங்கள் பொருந்தாது, எட்டுப் பாகமும் பொருந்தாது. ஆறில் ஒன்றுகள் ஐந்து பொருந்தும். பன்னிரண்டில் ஒன்றுகள் பத்தும் பொருந்தும். பொதுப் பகுதி என்று நாம் சொல்வது இந்தத் தேடல்தான். 2/5 என்று எழுதிய பிள்ளையிடம், "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அரையைவிடக் குறைந்துபோகுமா?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை அதுவே திருத்தும். அதன் பிறகு தரையில் கோடு போட்டு, 24 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து 0, 1, 2, 3 எழுதுங்கள். ஒன்றரை எங்கே, ஒன்றேமுக்கால் எங்கே, 5/4 எங்கே என்று பட்டையால் அளந்து பிள்ளைகள் போய் நிற்கட்டும். ஐந்தில் நான்கும் நான்கில் ஐந்தும் ஒன்றுக்கு எந்தெந்தப் பக்கம் நிற்கும் என்பதில் வகுப்பே பேசத் தொடங்கிவிடும்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியாகப் பின்னங்களை மிகச் சிறியவை வரை பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்: வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மனப்பாடம்தான் என்றாலும் அந்தப் பின்னங்கள் நெல்லளப்பிலும் நில அளவையிலும் வெளியே புழங்கிக்கொண்டிருந்தன. இன்று நம்மிடம் மனப்பாடம் இருக்கிறது, புழக்கம் போய்விட்டது.

தசம எண்ணுக்கு ரூபாய், பைசாவை வைத்துத் தொடங்குவது வழக்கம். எங்கள் கருத்தில் அது தவறான தொடக்கம். 12.50 என்பதைப் பிள்ளை பன்னிரண்டு ரூபாய், ஐம்பது பைசா என்று இரண்டு முழு எண்களாகப் படிக்கிறது. புள்ளி அங்கே ஒரு வேலிதான். அதனால்தான் 2.5-ஐவிட 2.35 பெரிது, ஏனென்றால் 5-ஐவிட 35 பெரிது என்கிறது. போதாக்குறைக்கு, 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன; இன்றைய பிள்ளை பைசாவைக் கையில் பிடித்ததே இல்லை. மீட்டர் அளவுகோல் இதைவிட நல்லது. ஒரு மீட்டர் நீளக் காகிதப் பட்டைகள் மூன்றை முனையோடு முனை வைத்து, மூன்றாவதைப் பத்துப் பாகமாக்கி, அதன் நான்காம் பாகத்தை மறுபடி பத்தாக்கினால் 2.5-உம் 2.35-உம் ஒரே கோட்டில் அவரவர் இடத்தில் நிற்கும். மளிகைக்கடையின் மின்னணுத் தராசில் 0.250 என்றும் 0.500 என்றும் தெரிவதைப் பார்த்துவரச் சொல்லலாம். கால் கிலோவுக்கு ஏன் 250, அந்தக் கடைசி 0 இல்லாவிட்டால் எடை மாறுமா என்று கேட்டால் ஒரு பாடவேளை போதாது.

சமக்குறிக்கும் தராசுதான் வேண்டும். இந்த முறை இரட்டைத் தட்டு உள்ளது. 8 + 4 = □ + 5 என்று கேட்டால் கட்டத்தில் 12 என்று எழுதும் பிள்ளைகளே அதிகம்; சிலர் 17 என்பார்கள். சமக்குறி என்றால் "விடையை இங்கே எழுது" என்று அது பழகியிருக்கிறது. 30 செ.மீ. மர அளவுகோலில் 15 செ.மீ. குறியில் துளை போட்டுத் தொங்கவிட்டு, இரு முனையிலும் மையத்திலிருந்து சம தூரத்தில் காகிதக் குவளை கட்டினால் தராசு தயார். துளை அகலத்தின் நடுவில் இல்லாமல் மேல் ஓரத்தை ஒட்டி இருக்க வேண்டும். நடுவிலோ கீழேயோ இருந்தால் கோல் சமநிலைக்குத் திரும்பாமல் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும். உள்ளே போடுவதற்குப் புளியங்கொட்டை உதவாது, ஒன்றுக்கொன்று எடை மாறும். நாணயமும் ஒரே ஆண்டில் அச்சானதாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தின் எடை இடையிடையே மாறியிருக்கிறது. ஒரே பெட்டியில் வாங்கிய கோலிக்குண்டுகள் பரவாயில்லை. இடத் தட்டில் எட்டும் நான்கும், வலத் தட்டில் ஐந்து. இன்னும் எத்தனை போட்டால் கோல் நேராகும்? ஏழு. அந்தத் தராசுக்குக் கீழேயே 8 + 4 = 7 + 5 என்று எழுதிவையுங்கள். ஏழாம் வகுப்பில் சமன்பாடு வரும்போது இதன் பயன் தெரியும்.

வாய்ப்பாட்டை நாங்கள் எதிர்க்கவில்லை. மனப்பாடமாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் ஏழெட்டு ஐம்பத்தாறு மறந்துபோனால் பிள்ளைக்குத் திரும்பிவர ஒரு வழி இருக்க வேண்டும். ஏழு வரிசை, எட்டுப் பத்தியாகப் புள்ளி வைத்து, ஐந்தாவது பத்திக்குப் பின் ஒரு கோடு போட்டால் 35-உம் 21-உம் தனித்தனியே தெரியும். தாளைத் திருப்பிப் பிடித்தால் எட்டேழும் அதுவே என்று தெரியும். மனப்பாடம் செய்ய வேண்டியது ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

புள்ளி என்றதும் கோலம் நினைவுக்கு வருகிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த பாடம் அது. ஊடுபுள்ளி, 7-இல் தொடங்கி 4 வரை. மொத்தம் எத்தனை புள்ளி? ஒவ்வொன்றாக எண்ணும் பிள்ளை 37 என்னும். வரிசை வரிசையாகப் பார்க்கும் பிள்ளை, நடுவில் 7, மேலே 6, 5, 4, கீழேயும் அப்படியே, ஆகவே 7-உம் இருமடங்கு 15-உம் என்னும். நடுப்புள்ளியிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பார்க்கும் பிள்ளைக்கு 1, 6, 12, 18 என்று தெரியும். ஆறாம் வாய்ப்பாடு கோலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த சுற்று வைத்தால் எத்தனை கூடும் என்று கேட்டால் வரையாமலே 24 என்று சொல்லிவிடும். விடை ஒன்று, வழி மூன்று. மூன்றையும் கரும்பலகையில் எழுத வேண்டும். எந்தப் பிள்ளை எப்படிப் பார்த்தது என்று அந்தப் பிள்ளையே வந்து சொல்ல வேண்டும். கோலம் போடுகிறவர்கள் பெண்பிள்ளைகள்தான் என்று விட்டுவிடாமல் எல்லாரையும் போட வையுங்கள்.

மாத நாட்காட்டியும் இப்படி ஒரு சுரங்கம். சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவரும், 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை நிறுவியவருமான பி.கே. சீனிவாசன் நாட்காட்டியை வைத்தே ஏராளமான கணக்குகளை உருவாக்கித் தந்தார். அருகருகே உள்ள நான்கு தேதிகளைக் கட்டமிட்டு மூலைக்கு மூலை கூட்டினால் இரண்டும் சமம். பெருக்கினால் வித்தியாசம் எப்போதும் 7. ஏன் 7 என்பதற்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாதிரியும் எட்டாம் வகுப்புப் பிள்ளை இயற்கணிதத்திலும் விடை சொல்லலாம்.

வாக்கியக் கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு" என்று சொல்லிக்கொடுப்பது தேர்வுக்கு உதவுவதுபோல் தோன்றும். "கவிதாவிடம் 12 கோலி. இது மாலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மாலாவிடம் எத்தனை?" என்று கேட்டால் அந்தச் சூத்திரம் 17 என்று கவிழ்த்துவிடும். எண்களை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: "கவிதாவிடம் கொஞ்சம் கோலி. மாலாவிடம் அதைவிடக் குறைவு." யாரிடம் அதிகம் என்பது தெளிவானபின் எண்களைத் திருப்பிக் கொடுங்கள்.

அன்றாட அனுபவம் எல்லாவற்றுக்கும் கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 3 ÷ 1/4 என்றால் மூன்று லிட்டர் பாலைக் கால் லிட்டர் குவளையில் எத்தனை முறை ஊற்றலாம் என்று கேட்டு 12-ஐக் காட்டிவிடலாம். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்குவதற்குக் கடனையும் கடன் தள்ளுபடியையும் வைத்துக் கதை கட்டுவது பிள்ளையைக் குழப்பத்தான் செய்கிறது. அங்கே எண்களின் ஒழுங்கே துணை: 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. ஒவ்வொரு படிக்கும் 2 கூடுகிறது. அடுத்த படி (−1) × (−2). ஒழுங்கு குலையாமல் இருக்க வேண்டுமானால் என்ன வர வேண்டும் என்று பிள்ளையே சொல்லும். வலிந்து ஓர் அன்றாட உதாரணம் தேடுவதைவிட இது நேர்மையானது.

தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பொருள்களையும் செயல்பாடுகளையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் நேரம் வேண்டும். ஒரு கட்டை அவிழ்த்து எழுதும் கணக்கு நான்குதான் ஒரு பாடவேளையில் முடியும். நோட்டில் அரைப் பக்கம்கூட நிரம்பாது. பார்வையிட வருகிறவர்களும் பெற்றோர்களும் நிரம்பிய பக்கங்களை எண்ணினால் ஆசிரியர் குச்சியை எடுத்துவைத்துவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பிவிடுவார். நோட்டைப் பார்ப்பதற்குப் பதில் பிள்ளையிடம் ஒரு கணக்கைக் கொடுத்து, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். தொடக்க வகுப்புகளின் பருவத் தேர்வில் ஒரு பகுதியை இப்படி வாய்மொழியாக வைக்க வேண்டும், வழிக்கும் மதிப்பெண் வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் ஒரு நாள், 24 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள ஏழு பட்டைகளை வெட்டியெடுக்கும்படி அச்சிட்டுத் தாருங்கள். அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மடிப்புக் கோடுகளையும் அச்சிட வேண்டாம், அவற்றைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். செய்தித்தாள் மெல்லியது என்பதால் எட்டாக மடிக்கவும் ஏ4 தாளைவிட அதுவே எளிது. கத்தரிக்கோலும் ஓர் அளவுகோலும் வீட்டில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
திருவண்ணாமலை மாவட்டம்.